ரப்பரின் வயது

பூம்புகாருக்குக் கிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1991-இல் அதைக் கண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தஞ்சை மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. இன்று அந்தக் கரை மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. லாடத்தை மனிதர் கட்டினார்களா, கடல் தானே வார்த்ததா, எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழசு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2001-இல் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் கேமராவோடு வந்து இறங்கிய பிறகு அது உலகத் தொலைக்காட்சி வரை போய்விட்டது. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. அங்கே அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மிதந்த மனிதரை அந்த அரைமணி நேரமும் உயிரோடு வைத்திருந்த கருவியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கைப்பிடிக்குள் அடங்கும் பித்தளைத் துண்டு ஒன்று, ஒரு குழாய், வாயில் கவ்வும் கிண்ணம் ஒன்று. ரெகுலேட்டர் என்பது இவ்வளவுதான்.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரையிலான கடலில் ஆழ்கடல் அகழாய்வு அறிவிக்கப்பட்டது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியா எனும் கடற்பசுவின் காப்பகம் ஆனது. அங்கே அது மேயும் கடற்புல் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு அழிந்தது என்பதை நீருக்குள் இறங்கிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் பேர்போன டெல்டாவில் ரெகுலேட்டர் என்றால் மதகுதான் பலர் நினைவுக்கு வரும். இனி மற்ற ரெகுலேட்டருக்கும் இங்கே வேலை கூடப்போகிறது. கூடும்போது பழைய சரக்கும் உள்ளே வரும். முடிந்துபோன திட்டத்தின் அலமாரியிலிருந்து வரும், சுற்றுலாப் பயிற்சிப் பள்ளி கழித்துவிட்டதிலிருந்து வரும், துபாயிலிருந்து திரும்பிய மாமா கொடுத்த பெட்டியிலிருந்தும் வரும். 30 வயதான ஒரு ரெகுலேட்டரை நம்பி இறங்கலாமா? இறங்கலாம் என்பவர்களும் இறங்கக் கூடாது என்பவர்களும் பெரும்பாலும் பித்தளையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது உள்ளேயிருக்கும் ரப்பரை. அதற்கடுத்து, அந்த ரப்பரை மாற்றுகிற ஆளை.

கருவி செய்யும் வேலை எளிமையானது. முதுகிலிருக்கும் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. 23 மீட்டர் ஆழத்தில் நெஞ்சின்மேல் நீரும் காற்றுமண்டலமும் சேர்ந்து அழுத்துவது 3.3 பார். நுரையீரலுக்கு வரும் காற்றும் அதே 3.3 பாரில் வரவேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தால் இழுக்கவே முடியாது. சிலிண்டர் வாயில் மாட்டும் முதல் நிலை, 200 பாரை இறக்கி, சுற்றியுள்ள நீரைவிட 9 அல்லது 10 பார் மட்டும் அதிகமாக வைக்கிறது. இதற்கு இடை அழுத்தம் என்று பெயர். வாயிலிருக்கும் இரண்டாம் நிலை, மூச்சு இழுக்கும்போது மட்டும் திறந்து அதையும் இறக்கிவிடுகிறது. கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் மூடிக்கொள்ளும். இந்த எண்ணம் 1860-லேயே பிரான்சின் சுரங்கப் பொறியாளர் ருகேரோலுக்கு வந்துவிட்டது. 1943-இல் குஸ்தோவும் காஞானும் அதை உயர் அழுத்தச் சிலிண்டரோடு சேர்த்து அக்வாலங் ஆக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவில் ஓடிய கார்களுக்காகக் காஞான் செய்த வால்வுதான் அதற்கு வித்து.

தமிழகக் கடலுக்கு அது வரச் சுணங்கவில்லை. 1961-இல் தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளி முடிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய அதே முத்துப் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் அக்வாலங் மாட்டி இறங்கிப் பாறை பாறையாகக் குறிப்பெடுத்தார்கள். முத்துப் பார், சங்குப் பார் பற்றிய அவர்களுடைய 1960களின் கட்டுரைகள் இன்றும் அந்தக் கடலடிக்கு அடிப்படை ஆவணம். பழைய கருவி என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். நம் கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, இன்று அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்த கருவிகளால் வந்தது.

பழைய ரெகுலேட்டருக்குச் சாதகமாகப் பேச நம் கடலிலேயே வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பழைய கருவிகளை ஒதுக்குவதற்குச் சொல்லும் முதல் காரணம் குளிர். 200 பார் காற்று சட்டென்று விரியும்போது வெப்பம் இழக்கிறது. 4 டிகிரி நீரில் முதல் நிலைக்குள் பனிக்கட்டி உறைந்து, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். பாக் விரிகுடாவில் அந்தக் குளிர் என்றைக்கும் இல்லை. குளிர்நீருக்கென்று கூட்டிய உறைகளுக்கும் தடுப்புகளுக்கும் நாம் தரும் விலை, பூம்புகாரில் ஒரு பயனும் இல்லாமல் தரும் விலை. ஸ்வீடனிலிருந்து வந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர் ஸ்வீடனின் குளிரையும் சேர்த்து வாங்குகிறார்.

இன்னொன்று, வடிவமைப்பின் நேர்மை. 1960களிலிருந்து வந்த பெரும்பாலான ஒற்றைக்குழாய் ரெகுலேட்டர்களில் இரண்டாம் நிலை வால்வு காற்று ஓடும் திசையிலேயே திறக்கும். முதல் நிலையில் கசிவு வந்து இடை அழுத்தம் ஏறினால், வால்வு தானாகத் தள்ளப்பட்டுக் காற்று சீறும். காற்று விரயமாகும், மூழ்குகிறவர் மேலே வரவேண்டியிருக்கும். ஆனால் மூச்சு அடைபடாது. கெட்டுப்போனாலும் கொடுப்பதை நிறுத்தாமல் கெட்டுப்போவது இந்தக் கருவிக்கு அமைந்த நல்ல குணம். ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் மார்க் 2 அந்தக் காலத்தில் பிறந்து, சிறு மாற்றங்களோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. யூ.எஸ். டைவர்ஸ் நிறுவனத்தின் கான்ஷெல்ஃப் அரை நூற்றாண்டாகப் பிரித்துக் கோர்க்கப்பட்டு வருகிறது. உள்ளே அசையும் பாகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பாகம் குறைந்தால் கெடும் இடமும் குறையும் என்பதைப் பம்புசெட் வைத்திருக்கும் எந்த மிராசுதாரரும் ஒப்புக்கொள்வார்.

ஆனால் பழைய ரெகுலேட்டர்களை ஒரே கூடையில் போடுவது பெரிய தவறு. காவிரி முகத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். முதல் நிலையில் இரண்டு சாதி உண்டு: பிஸ்டன், டயஃப்ரம். பிஸ்டன் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேராக வந்து போகும். ஆழத்தின் அழுத்தத்தைக் கருவி அப்படித்தான் உணர்கிறது. தெளிந்த பவளக் கடலில் இதில் ஒரு குறையும் இல்லை. கொள்ளிடமும் காவிரியும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கலந்த நீரில், அந்த அறைக்குள் மாவு போன்ற சேறு நுழைந்து உப்போடு சேர்ந்து இறுகும். பிஸ்டன் ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நகரும் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கை அந்தச் சேறு ராவிக்கொண்டே இருக்கும். டயஃப்ரம் வகையில் நீர் ஒரு ரப்பர்த் தகட்டின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். வால்வும் அது அமரும் இருக்கையும் உள்ளே காய்ந்த காற்றில் பத்திரமாக இருக்கும். பூம்புகார்க் கடலுக்கு 1970களின் ஒரு டயஃப்ரம் வகைக் கான்ஷெல்ஃபையும் அதே காலத்துப் பிஸ்டன் கருவி ஒன்றையும் என் முன் வைத்தால், கான்ஷெல்ஃபைத்தான் எடுப்பேன். அமெரிக்க ஆர்வலர்கள் பிஸ்டனைக் கொண்டாடுவது அவர்கள் நீருக்குப் பொருந்தலாம்.

மார்க் 2 போன்ற எளிய பிஸ்டன் கருவிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. சிலிண்டரின் உயர் அழுத்தமே வால்வைத் திறக்கக் கைகொடுக்கிறது. 200 பாரில் மூச்சு இலகுவாக வரும். சிலிண்டர் 50 பாருக்கு இறங்கும்போது அந்த உதவி குறைந்து, இடை அழுத்தமும் தாழ்ந்து, மூச்சு கனக்கும். 5 மீட்டரில் இது பொருட்டல்ல. 23 மீட்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டால் மிஞ்சுவது 1650. தரையில் நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவர் அங்கே ஏறக்குறைய 60 லிட்டர் இழுப்பார். 27 நிமிடத்தில் வேலை முடியவேண்டும். களைப்பும் நீரோட்டமும் கூடி மூச்சு அதிகம் தேவைப்படும் கடைசிக் கட்டத்தில்தான் இந்தக் கருவி இறுக்கமாகும். இறுக்கமாக இழுப்பவரின் உடலில் கரியமில வாயு தேங்கும். தேங்கினால் பதற்றம் வரும். பதறினால் இன்னும் வேகமாக இழுப்பார். நீருக்கடியில் விபத்துகள் பெரும்பாலும் இப்படிச் சிறிய தொந்தரவிலிருந்து படிப்படியாகப் பெரிதாகின்றன.

இனி ரப்பர். அதே பூம்புகார்க் கரைக்கு அப்பால், 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு கப்பல் சிதைவிலிருந்து ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. 1791, 1792 என்ற ஆண்டுகள் அவற்றின்மேல் இன்னும் படிக்கும்படியாக இருந்தன. இரண்டு நூற்றாண்டு உப்பில் கிடந்தும் உலோகம் தன் எழுத்தை வைத்திருந்தது. குரோமியம் பூசிய பித்தளையும் ஒழுங்காகக் கழுவினால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். ரெகுலேட்டரில் ஆயுள் குறைந்தவை வேறு: உயர் அழுத்த இருக்கை என்ற சிறு பிளாஸ்டிக் வில்லை, ஓ-ரிங்குகள், இரண்டாம் நிலையின் ரப்பர் இருக்கை, டயஃப்ரம், மூச்சு வெளியேறும் வால்வின் மெல்லிய இதழ், குழாய், வாய்ப்பிடி. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டலாம். 30 வயதான ரெகுலேட்டர் என்று நாம் சொல்வது பொய்க்கணக்கு. உள்ளேயிருப்பவை போன ஆண்டு மாற்றப்பட்டிருந்தால் அதற்கு ஒரு வயது. மாற்றப்படாவிட்டால் அதற்கு எந்த வயதும் இல்லை, காலம் முடிந்தது.

டெல்டாக் கரையில் ரப்பர் சாவது உழைப்பால் அல்ல, சும்மா கிடப்பதால். இங்கே மூழ்கும் பருவம் குறுகியது. வடகிழக்குப் பருவமழை அடங்கி, ஜனவரி 28-இல் மேட்டூர் மூடி, வயலில் உளுந்தும் பயறும் முளைக்கும்போதுதான் கடல் தெளிய ஆரம்பிக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேலை. பிறகு கருவிகள் தகரக் கூரையடியில் ஒன்பது மாதம் வெயிலும் ஈரமுமாகத் தூங்கும். வாரந்தோறும் இறங்கும் ஐரோப்பிய ஆர்வலரின் கருவியோடு இதை ஒப்பிட முடியாது. அந்த ஒன்பது மாதமும் இரண்டாம் நிலையின் ரப்பர் இருக்கை, கத்திமுனைபோன்ற பித்தளை விளிம்பின்மேல் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டுக் கிடக்கிறது. விளிம்பு ரப்பரில் பள்ளம் பறிக்கும். அடுத்த பருவத்தில் மாட்டினால் சன்னமாகச் சீறும். சீறுகிறதே என்று திருகை இறுக்கினால் சீறல் நிற்கும், மூச்சு கனக்கும். குறையைச் சரிசெய்யாமல் மறைத்தாயிற்று. அழுத்தத் திருகு வெளியே இருக்கும் கருவிகளில், வைக்கும்போது அதை முழுக்கத் தளர்த்தி வைத்தாலே பாதிச் சேதம் குறையும். ஒரு காசு செலவில்லாத பராமரிப்பு.

கழுவும் தண்ணீரும் கவனிக்கவேண்டியது. கடலிலிருந்து ஏறியதும் நல்ல நீரில் ஊறப்போடு என்பது எல்லாக் கையேட்டிலும் முதல் வரி. வேதாரண்யத்திலும் நாகைக் கரையிலும் போர்வெல்லை முறுக்கினால் வருவது எல்லா இடத்திலும் நல்ல நீர் அல்ல. கடைமடைக் கிராமங்களில் நிலத்தடி நீரே உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புநீர். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வந்த கொள்ளிடத்துத் தண்ணீரை ஒரு குடம் பிடித்துவைத்து அதில் ஊறப்போடவேண்டும், அவசரமாக முக்கி எடுப்பதில் பயனில்லை. காய்ந்த உப்புப் படிகம் கரைய நேரம் வேண்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் நடுப் பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் வால்வு திறந்து நீர் குழாய்வழி முதல் நிலைவரை போய்விடும். முதல் நிலையின் தூசிமூடியை ஈரத்தோடு மாட்டினாலும் அதே கதி. தண்ணீர் புகுந்ததா என்பதை வாயிலுள்ள சிறு வடிகட்டியே சொல்லிவிடும். பச்சையேறியிருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்மண் நிறம் கண்டால் இரும்புச் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. கறுத்திருந்தால் காற்று நிரப்பும் கம்ப்ரசரின் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அதன்பிறகு அங்கே காற்று நிரப்புவதா என்றும் யோசியுங்கள். பத்து நிமிடப் பரிசோதனையில் இந்த வடிகட்டியைப்போல் உண்மை பேசும் பாகம் வேறு இல்லை.

அடுத்தது மெக்கானிக். தஞ்சை மண்ணின் ரிப்பேர்க் கலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அறுவடைக் காலத்தில் நடுவயலில் நிற்கும் இயந்திரத்தின் ஹைட்ராலிக் குழாயை அரைநாளில் மாற்றி ஓட்டிவிடுவார்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ஓ-ரிங் விற்கும் கடைக்காரரிடம் பழைய வளையத்தை நீட்டினால் அளவுகோலில் செருகிப் பார்த்து அதே அளவை எடுத்துக் கொடுப்பார். ரெகுலேட்டரிலுள்ள ஓ-ரிங்குகளில் பல, உலகப் பொது அளவுகளில் வருபவைதான். அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களில் அந்தக் கடையின் நைட்ரைல் வளையமே போதும் என்பதை வெளிநாட்டுச் சர்வீஸ் நிலையத்தார் வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். உயர் அழுத்தத்தில் அசையும் இடத்துக்கு ரப்பரின் கடினமும் பொருந்தவேண்டும். 70 கடினம் கேட்கும் இடத்தில் 90 போட்டால் கசியும், 90 கேட்கும் இடத்தில் 70 போட்டால் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். கடைக்காரர் அளவைப் பார்ப்பார். கடினத்தைக் கேட்கத் தெரிந்தவர் வாங்குகிறவராக இருக்கவேண்டும்.

இதற்குமேல் அந்தக் கலை ஆபத்தாகிவிடுகிறது. பம்புக்கு வாஷர் இல்லையென்றால் டயர் ட்யூபை வட்டமாக வெட்டிப் போடுவது நம் கைத்திறன். கசிந்தால் தண்ணீர் கசியும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ரெகுலேட்டரின் உயர் அழுத்த இருக்கையைக் கடைசலில் கடைந்து போட்டவர், 200 பாருக்கும் ஒரு மனிதனின் வாய்க்கும் நடுவே நிற்கும் முதல் கதவைக் கண்ணளவில் செய்தவர் ஆகிறார். கிரீஸ் பூசுவதிலும் இதே வழக்கம் தொடர்கிறது. பட்டறையில் கைக்கு எட்டுவது பெட்ரோலிய கிரீஸ். சிலிக்கோன் டயஃப்ரத்தை அது ஊதவைக்கும். அதன் ஆவி நுரையீரலுக்குப் போகும். ஆக்ஸிஜன் கூட்டிய காற்று நிரப்பினால் தீப்பிடிக்கவும் இடமுண்டு. சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ், ஆக்ஸிஜன் கூட்டியதற்கு அதற்கென்றே உள்ள கிரீஸ். இரண்டையும் மெல்லிய படலமாக மட்டும் பூசவேண்டும். நிறையப் பூசினால் சேறு ஒட்டும்.

ஆகவே ஆண்டுக்கொருமுறை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். இதை முழுசாக ஏற்க முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி சர்வீஸ் முடிந்து வந்த முதல் முழுக்கில் சீறுவது மூழ்குகிறவர்கள் வட்டாரத்தில் பழகிய அனுபவம். புதிய இருக்கை படிந்து உட்கார நாளாகும். பிரித்தபோது ஒரு கீறல் விழுந்திருக்கலாம். அவசரத்தில் ஒரு வளையம் புரண்டிருக்கலாம். பிரிப்பதும் ஓர் ஆபத்துதான் என்பது உற்பத்தியாளர்களுக்கும் புரிந்திருக்கிறது. சிலர் சர்வீஸ் இடைவெளியை இரண்டு ஆண்டு அல்லது 100 முழுக்கு என நீட்டிவிட்டார்கள். நம் ஊர்க்காரருக்கு இன்னொரு சங்கடம்: கருவியைப் பார்சலில் அனுப்பவேண்டும், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், சுங்கத்தில் கிடக்கவேண்டும், அதற்குள் ஏப்ரல் முடிந்துவிடும். அதனால்தான் சர்வீஸ் தேதியைவிட அளவீட்டை நம்பச் சொல்கிறேன். இடை அழுத்தமானி என்ற சிறு கருவியைக் குழாயில் மாட்டி, சிலிண்டரைத் திறந்தால் முள் 9.5 பாரில் போய் நின்று அசையாமல் இருக்கவேண்டும். நின்றபிறகும் 10, 10.5 என்று மெல்ல ஊர்ந்தால் உயர் அழுத்த இருக்கை தேய்ந்துவிட்டது. அன்றைக்கு இறங்கக் கூடாது. ஓர் அகலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, வாய்ப்பிடி மேலே பார்க்க இரண்டாம் நிலையை மெல்ல அமிழ்த்தினால், 3 அல்லது 4 சென்டிமீட்டருக்குள் காற்று வரத் தொடங்கவேண்டும். அதைத் தாண்டியும் மௌனமாக இருந்தால் இழுப்பு கனக்கும். சிலிண்டர் இல்லாமல், தூசிமூடி போட்டு வாயால் உறிஞ்சினால் ஒரு துளிக் காற்றும் வரக் கூடாது. வந்தால் டயஃப்ரத்திலோ வெளியேற்று இதழிலோ ஓட்டை. குழாயின் இரு முனையிலுமுள்ள ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கவேண்டும். வெளியே பளபளக்கும் குழாய் அந்த உறைக்குள் உப்புப் பூத்து வெடித்திருப்பது சர்வ சாதாரணம். இவை எதற்கும் சர்வீஸ் நிலையம் வேண்டாம். இந்த முடிவுகளைத் தேதிபோட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தால், மூன்று பருவத்தில் அந்தக் கருவியின் குணம் யாருக்கும் தெரிந்துவிடும்.

பராமரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய கருவியில் இல்லாதது இல்லாததுதான். 1960களின் முதல் நிலைகளில் குழாய் மாட்டத் துளைகள் ஒன்றோ இரண்டோதான். இன்று ஒருவர் உடம்பில் நாலு குழாய் வேண்டும்: வாய்க்கு ஒன்று, தோழருக்கு உதவ இன்னொரு இரண்டாம் நிலை, மிதவைச் சட்டைக்கு ஒன்று, அழுத்தமானிக்கு ஒன்று. அன்று அழுத்தமானி இல்லாமலே இறங்கினார்கள். காற்று குறைந்தால் மூச்சு கனக்கும், முதுகுக்குப் பின்னிருக்கும் கம்பியை இழுத்தால் கையிருப்புத் திறக்கும். கலங்கல் நீரில் வலையோ கயிறோ உரசி அந்தக் கம்பி முன்பே இறங்கியிருந்தால், கையிருப்பு தீர்ந்தது இழுக்கும்போதுதான் தெரியும். பூம்புகாரில் நீட்டிய கை தெரியாத நாட்கள் உண்டு. தோழரும் நீங்களும் ஒரே வாய்ப்பிடியை மாற்றி மாற்றிக் கவ்வுவது அந்தக் காலத்துப் பாடம்; அந்தப் பாடத்தில் இருவருமே செத்த கதைகள் உண்டு என்பதால்தான் இரண்டாவது வாய்ப்பிடி வந்தது. இந்த விஷயத்தில் பழமைக்குச் சலுகை காட்ட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பழைய முதல் நிலைகளில் மறைந்திருக்கும் ஒரு கண்ணி, தெரியாதவரைக் கொல்லக்கூடியது. இன்றைய கருவிகளில் உயர் அழுத்தத் துளையின் மரை பெரியது, தாழ் அழுத்தத் துளையின் மரை சிறியது. மாற்றி மாட்ட முடியாது. பழையவற்றில் பலவற்றுக்கு இரண்டும் ஒரே மரை. மிதவைச் சட்டைக்குப் போகும் குழாயைத் தவறுதலாக உயர் அழுத்தத் துளையில் முறுக்கினால் அழகாக உட்காரும். சிலிண்டரைத் திறந்ததும் 10 பாருக்காகச் செய்த குழாயில் 200 பார் பாயும். நல்லவேளையாக அது படகிலேயே வெடிக்கும், யார் முகத்துக்கு நேரே என்பது மட்டும் தெரியாது.

இரட்டைக்குழாய் ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ராயல் அக்வா மாஸ்டர் போன்றவை பார்க்க அழகு. மூச்சுக்குமிழ் முதுகுக்குப் பின்னால் வெளியேறுவதால் மீன் மிரளாது, படம் எடுப்பவருக்குச் சுகம். அமெரிக்காவில் அவற்றுக்குச் சிலிக்கோன் டயஃப்ரங்களைப் புதிதாக வார்த்து விற்கிறார்கள். ஆர்வலர் தன் பொறுப்பில் குளத்திலோ தெளிந்த கடலிலோ இறங்கி மகிழட்டும். சம்பளத்துக்கு இறங்குகிறவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

இத்தனையும் சொன்னால் கரையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அட, தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவன் வாயில வெறும் பைப்பைக் கவ்விக்கிட்டுப் போறான். நீங்க முப்பது வருசத்து ரெகுலேட்டருக்குப் பயப்படுறீங்களே?" படகில் கம்ப்ரசர் ஓட, நீளக் குழாய்வழி காற்றை இழுத்துக் குளிக்கும் முறை தென்கடலில் இருப்பது உண்மை. அதைப் பழைய கருவிக்கு நற்சான்றாக எடுப்பது முறைகெட்ட வாதம். அந்த முறையில் டீசல் புகை காற்றோடு கலக்கும். கம்ப்ரசர் நின்றால் கையிருப்பு கிடையாது. காற்று தீராது என்பதால் ஆழத்தில் நேரம் போவது தெரியாமல் இருந்து, ஏறும்போது நைட்ரஜன் குமிழால் கைகால் முடங்குவது உலகெங்கும் இத்தகைய குளியாட்களுக்கு நேரும் கதி. வறுமை ஒருவரை அங்கே தள்ளியிருக்கிறது. அவருடைய துணிச்சலைக் காட்டி, சம்பளமும் திட்டநிதியும் உள்ள நிறுவனம் தன் கஞ்சத்தனத்துக்கு நியாயம் தேடக் கூடாது. அந்தச் சங்குக் குளியாளிடம் ஒழுங்காகப் பராமரித்த மார்க் 2 ஒன்றையும் சுத்தமான காற்றுள்ள சிலிண்டரையும் கொடுத்தால் அவருக்கு அது பெரிய ஏற்றம். அதே கருவியைப் பல்கலைக்கழக மாணவருக்குக் கொடுத்துப் பூம்புகாரில் இறக்குவது இறக்கம்.

எங்கே, யார், எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தே என் தீர்ப்பு. அதிராம்பட்டினத்துக்கு அப்பால் கடற்புல் மேடுகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. கால் ஊன்றி எழுந்தால் தலை வெளியே வரும் இடங்களும் உண்டு. அங்கே நூல் கட்டிப் புல்லை எண்ணும் வேலைக்கு, பாகம் கிடைக்கிற, அளந்து பார்த்த பழைய கருவி தாராளமாகப் போதும். அதில் மிச்சமாகும் பணத்துக்கு இரண்டு நல்ல அழுத்தமானியும் ஒரு கார்பன் மோனாக்சைடு கருவியும் வாங்கலாம். ஆனால் அங்கேயும் நுரையீரலில் காற்றை அடைத்தபடி ஏறக் கூடாது என்ற விதி மாறாது. 2 மீட்டர் ஆழத்திலிருந்தும் அது நெஞ்சைக் கிழிக்கும். பூம்புகாரின் 23 மீட்டருக்கு டயஃப்ரம் வகை, சிலிண்டர் அழுத்தம் இறங்கினாலும் மூச்சு கனக்காத சமன்செய்த வடிவமைப்பு, நாலு குழாய், இரண்டு வாய்ப்பிடி. இவை இருந்து, இருக்கையும் டயஃப்ரமும் சந்தையில் கிடைக்குமானால் அது 1985-இல் வார்த்த உடலாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதன்முதலாகக் கற்றுக்கொள்பவருக்கு மட்டும் எந்தப் பழைய கருவியும் வேண்டாம். மூச்சு சற்றுக் கனக்கிறதே என்று அவர் சொல்லமாட்டார். மூழ்குவதே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

சிலிண்டர்களுக்கு வாயு உருளை விதிகள் உண்டு. நீரழுத்தச் சோதனை, முத்திரை, தேதி எல்லாம் கழுத்தில் அடித்திருக்கும், காலாவதியானால் நிரப்பக் கூடாது. ரெகுலேட்டரின் உடலில் அப்படி ஒரு தேதி கிடையாது. வாங்கிய நிறுவனமே பதிவேடு வைத்தால்தான் உண்டு. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கருவிக்கும் இடை அழுத்தம், ஊர்கிறதா இல்லையா, நீரில் திறக்கும் ஆழம், கடைசியாக இருக்கை மாற்றிய நாள், மாற்றியவர் பெயர் என ஐந்து கட்டம் போதும். உதிரிபாகம் கிடைக்காது என்று உறுதியானதும் கழிக்கவேண்டும். கழிப்பது என்றால் அலமாரியின் மேல்தட்டில் வைப்பதோ இரும்புக்கடைக்கு முழுசாகக் கொடுப்பதோ அல்ல. முழுசாகப் போனது அடுத்த பருவத்தில் வேறு படகில் வேறு ஒருவர் வாயில் திரும்பி வரும். குழாயை நடுவே அறுத்து, இரண்டாம் நிலையின் நெம்பை வளைத்துவிட்டுத்தான் எடைக்குப் போடவேண்டும்.